சந்தேகம் என்றால் ‘டவுட்’டா, ‘சஸ்பெக்ட்’டா? ஒரே மாதிரி தெரியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஆஸ்பத்திரி சாலைக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் பல வருடம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். லீவ் லெட்டர், பேங்க் மனு, கம்பெனிக்கு விளக்கக் கடிதம், போலீஸ் புகார் என்று ஊர்க்காரர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

ஒருநாள் காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பைக் காணாமல் போயிருந்தது. "எதிர்வீட்ல குடியிருந்த பையன்தாம்பா எடுத்துக்கினு போயிருப்பான். அவன் திருடியிருப்பான்னு சந்தேகப்படறேன்னு போட்டுடு" என்றார். நானும் ‘ஐ டவுட் தட் ஹி ஸ்டோல் மை பைக்’ என்று அடித்துக் கொடுத்தேன். நல்லவேளை, ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாண்ணா இது, அந்தப் பையன் திருடலன்னு நீங்களே சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க!"

அவர் சொன்னது சரி. ‘ஐ டவுட்’ என்றால், அவன் திருடியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை என்று பொருள். ‘ஐ சஸ்பெக்ட்’ என்றால், திருடியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. தமிழில் இரண்டுக்கும் ‘சந்தேகப்படுகிறேன்’ என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலோ ஒன்று கிழக்கே போகிறது, மற்றது மேற்கே போகிறது. பெரியவருக்குக் காசு வாங்காமல் திருப்பி அடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இந்த வழிகாட்டி அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

முதல் படி: தமிழ்ச் சொல்லைத் தலைப்பாகப் போடுங்கள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்கள் பொதுவாக இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் சொல்லும். படிக்கும்போது புரியும், மறுநாள் மறந்துபோகும். நம் தப்பு ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதில்லை என்பதுதான் காரணம். அகலமான ஒரு தமிழ்ச் சொல் மனதில் வருகிறது, அதற்கு முதலில் கைக்குக் கிடைத்த ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடுகிறோம். அதனால் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழ்ச் சொல்தான் தலைப்பு: நிழல், கரை, படி, கடன், வலி, வாடகை, பார். அதற்குக் கீழே, அந்த ஒரே இடத்தை ஆங்கிலம் எத்தனை துண்டு போடுகிறது என்று எழுத வேண்டும்.

நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது புளியமரத்தடியில் ஒதுங்கினால் அது ‘ஷேட்’. உங்கள் காலடியில் உங்கள் உருவத்தோடு விழுவது ‘ஷேடோ’. முதலாவது நிற்கிற இடம், இரண்டாவது விழுகிற உருவம். ‘கம் டு த ஷேடோ’ என்று கூப்பிட்டால் ஏதோ பேய்ப்பட வசனம் மாதிரி இருக்கும்.

கரை இன்னும் சுவையானது. பாலாற்றின் கரை ‘பேங்க்’. கடலுக்கும் பெரிய ஏரிக்கும் ‘ஷோர்’. தேசப்படத்தில் கடலோரமாக நீண்டு கிடக்கும் நிலப்பகுதி முழுவதும் ‘கோஸ்ட்’. அதிலேயே மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் துண்டு மட்டும் ‘பீச்’. சரி, காவேரிப்பாக்கம் ஏரிக்கரை? அதை ‘ஷோர்’ என்றால் பொருந்தாது. நம் ஊர் ஏரிக்கரை தானாக உண்டானதில்லை, தண்ணீரைத் தேக்குவதற்கு மனிதர்கள் மண்ணைக் கொட்டி எழுப்பியது. அதற்கு இந்திய ஆங்கிலத்தில் ‘பண்ட்’ என்றே ஒரு சொல் உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த சொல், பொதுப்பணித்துறைக் காகிதங்களில் சகஜமாகப் புழங்கும். கரைவேட்டியின் கரைக்கு இதில் எதுவும் ஒத்துவராது, அது வெறும் ‘பார்டர்’.

‘படி’யில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. "பையன் பி.காம் படிக்கிறான்" என்பதை ‘ரீடிங்’ என்று எழுதுபவர்கள் உண்டு. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் அப்படிச் சொல்லும் பழைய வழக்கம் இருப்பதால் முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணமாக அது ‘ஸ்டடி’. கண் எழுத்தின் மேல் ஓடினால் ‘ரீட்’, உட்கார்ந்து முயற்சி செய்தால் ‘ஸ்டடி’, விஷயம் தலைக்குள் ஏறிவிட்டால் ‘லேர்ன்’. ராத்திரி முழுக்க ‘ஸ்டடி’ பண்ணியும் எதுவும் ‘லேர்ன்’ பண்ணாமல் பரீட்சைக்குப் போகலாம். நான் போயிருக்கிறேன்.

கடன் சுலபம். நம் கையை விட்டுப் போனால் ‘லெண்ட்’, நம் கைக்கு வந்தால் ‘பாரோ’.

இரண்டாம் படி: பிரிக்கிற கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

சொற்களைத் துண்டு துண்டாக எழுதினால் போதாது. எந்தக் கேள்வி அவற்றைப் பிரிக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். கேள்வி தெரிந்துவிட்டால் விடையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்த யாரையாவது கேளுங்கள். எட்டாவதோடு பள்ளியை விட்டவர்கூட ‘ஹைட்’, ‘ஸ்கின்’, ‘லெதர்’ மூன்றையும் மாற்றிச் சொல்ல மாட்டார். தமிழில் எல்லாமே தோல்தான். ஆங்கிலம் இரண்டு கேள்வி கேட்கிறது. மாடு, எருமை மாதிரி பெரிய பிராணியா? அப்படியென்றால் ‘ஹைட்’. ஆடு மாதிரி சின்னதா? ‘ஸ்கின்’. அடுத்த கேள்வி, பதனிட்டாயிற்றா? ஆகிவிட்டால் பெரியது சின்னது என்ற பேச்சே இல்லை, எல்லாம் ‘லெதர்’. குரோமியம் போட்டுப் பதனிட்டு, சாயமேற்றி முடிக்கும் முன் ஈரத்தோடு நீலம் பாரித்திருக்கும் சரக்கை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அதை அவர்கள் எந்த ஆங்கில வகுப்பிலும் கற்கவில்லை, தோலைத் தொட்டுத் தொட்டுக் கற்றது. மனிதத் தோல் எந்நாளும் ‘ஸ்கின்’தான்.

இதில் நாம் மிரள ஒன்றும் இல்லை. நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பிரிப்பதில் கடைசி இரண்டையும் ஆங்கிலம் ஒரே ‘ரைஸ்’ஸில் அடக்கிவிடுகிறது. நெல்லுக்கு மட்டும் ‘பேடி’ என்று மலாய் மொழியிலிருந்து ஒரு சொல்லை வாங்கி வைத்திருக்கிறது. அக்காவும் தங்கையும் அங்கே ஒரே ‘சிஸ்டர்’. நாம், நாங்கள் இரண்டும் ஒரே ‘வீ’. பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு, கோடு போடும் இடம்தான் வேறு.

காசு சம்பந்தப்பட்ட சொற்களுக்கு ஒரே கேள்வி: எதற்காகக் கொடுக்கிறோம்? பஸ், ஆட்டோ, ரயிலில் ஏறிப் போவதற்கு ‘ஃபேர்’. டாக்டர், வக்கீல், டியூஷன் வாத்தியார் மாதிரி படித்தவரின் வேலைக்கு ‘ஃபீ’. பொருளுக்கு ‘ப்ரைஸ்’. பள்ளிகொண்டாவில் வண்டியை நிறுத்தி வாங்குவது ‘டோல்’. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது ‘ஃபைன்’. ‘பஸ் ஃபீஸ்’ என்று நான் அடித்த கடிதங்கள் எத்தனையோ. ‘ப்ரைஸ்’, ‘காஸ்ட்’ இரண்டும் ஒன்று போலத் தெரிந்தால் பிரியாணிக் கடை முதலாளியின் பக்கம் நின்று பாருங்கள். போர்டில் எழுதியிருப்பது ‘ப்ரைஸ்’. அரிசி, கறி, விறகு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து அவருக்கு அடக்கமாவது ‘காஸ்ட்’. இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் அவர் வீட்டுச் சாப்பாடு.

புகார் எழுதுபவர்களுக்குத் திருட்டுப் பக்கம் முக்கியம். ‘ஸ்டீல்’ என்ற வினைக்குப் பின்னால் பொருள் வரும்: பைக்கை, செயினை. ‘ராப்’ என்பதற்குப் பின்னால் ஆளோ இடமோ வரும்: என்னை, கடையை. ‘தே ராப்ட் மை பைக்’ என்று எழுதினால் பைக்கை மிரட்டி அதன் பையிலிருந்து எடுத்தது போலாகும். சட்டத்தில் இந்தக் கோடு இன்னும் ஆழம். உடையவர் சம்மதம் இல்லாமல் எடுத்தால் ‘தெஃப்ட்’. அடித்தோ மிரட்டியோ எடுத்தால் ‘ராபரி’. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் ‘டகாய்ட்டி’. 1860-ம் வருடத்துத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தப் பிரிவினை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் குற்றமே மாறிவிடும். நடந்ததை நடந்தபடி விவரித்துவிட்டு, பெயர் வைக்கும் வேலையைப் போலீசிடம் விடுவது நல்லது.

மூன்றாம் படி: பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்

சில இடங்களில் எந்தக் கேள்வியும் உதவாது. இந்தச் சொல் இந்தச் சொல்லோடுதான் சேரும், அவ்வளவுதான். வலி அப்படிப்பட்டது.

1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான், வேலூரின் பெரிய ஆஸ்பத்திரியான இன்றைய சி.எம்.சி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்திலேயே போர்டுகள் தொங்கும். அவர்களுடைய ஆங்கிலமும் நம்முடைய ஆங்கிலமும் மருந்துக்கடை வாசலில் சந்தித்துக்கொள்ளும். அங்கே நின்று நான் பொறுக்கிய பக்கம் இது.

‘ஏக்’ என்பது விடாமல் மந்தமாக வலிப்பது. தலை, பல், வயிறு, காது, முதுகு ஆகியவற்றோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும்: ‘ஹெட்ஏக்’, ‘டூத்ஏக்’. ஆனால் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் ‘பெயின்’தான். ‘நீஏக்’ என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ‘ஸோர்’ என்பது தொட்டாலோ விழுங்கினாலோ அசைத்தாலோ எரிச்சலோடு வலிக்கும் இடம். தொண்டைக்கு ‘ஸோர் த்ரோட்’, நாள் முழுக்க மூட்டை தூக்கியவனுக்கு ‘ஸோர் ஷோல்டர்ஸ்’. கால் வலிக்கிறது என்பதை ‘மை லெக் இஸ் பெயினிங்’ என்று நம்மில் பாதிப்பேர் சொல்கிறோம். நம் ஊர் டாக்டருக்குப் புரியும். ஆனாலும் ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்பதுதான் இயல்பு.

அடுத்தது குணம். இதில் சறுக்கினால் வீண் நம்பிக்கையோ வீண் பயமோ வரும். ‘ட்ரீட்’ என்றால் வைத்தியம் பார்த்தார் என்று மட்டும்தான் பொருள், குணமாயிற்றா என்பது அதில் இல்லை. ‘க்யூர்’ என்றால் நோயே போய்விட்டது. ‘ஹீல்’ பெரும்பாலும் புண், எலும்பு, தையல் போட்ட இடம் தானாகக் கூடி ஆறுவது. சர்க்கரை நோய்க்கு ‘ட்ரீட்மெண்ட்’ உண்டு. ஆனால் மாத்திரையில் சர்க்கரை அளவு இறங்கியதை ‘க்யூர்’ என்று எழுத மாட்டார்கள், ‘கண்ட்ரோல்’ என்றுதான் எழுதுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ட்ரீட்டட்’ என்று இருந்ததை, "எல்லாம் சரியாயிடுச்சாம்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்ன குடும்பத்தை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: நோயாளி தானே உணர்ந்து சொல்வது ‘சிம்ப்டம்’, டாக்டர் பார்த்து, தொட்டு, அளந்து கண்டுபிடிப்பது ‘சைன்’. தலைசுற்றல் ‘சிம்ப்டம்’. பி.பி. கருவி காட்டும் எண் ‘சைன்’. தமிழில் இரண்டையும் அறிகுறி என்கிறோம்.

நான்காம் படி: சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார்?

வேலூர்க் கோட்டைக்குள் ஒருமுறை போய்வாருங்கள். 1806 ஜூலை 10-ம் தேதி விடியுமுன் அங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பினார்கள். புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்தது, நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றெல்லாம் வந்த உத்தரவுகள் காரணம். திப்புவின் பிள்ளைகளும் அப்போது கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிவிட்டார்.

இதை ஆங்கிலேயர் எழுதிய ஏடுகள் ‘ம்யூட்டினி’ என்கின்றன. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. கப்பலிலோ படையிலோ மேலதிகாரிக்குக் கட்டுப்பட வேண்டியவன் கட்டுப்பட மறுத்தான் என்பதுதான் அதன் பொருள். ஆட்சிக்கே எதிராகக் கிளம்பினால் ‘ரெபெல்லியன்’, அதிலும் தோற்றுப்போனவற்றுக்கே இந்தப் பெயர் அதிகம் ஒட்டிக்கொள்ளும். ஜெயித்து ஆட்சியையே மாற்றிவிட்டால் ‘ரெவல்யூஷன்’. ‘அப்ரைசிங்’ என்பது கொஞ்சம் பரிவோடு சொல்வது, மக்கள் எழுந்தார்கள் என்ற தொனி அதில் உண்டு. தமிழிலும் இதே விளையாட்டு நடக்கிறது. பழைய பாடப்புத்தகத்தில் ‘சிப்பாய்க் கலகம்’ என்று படித்தோம், இப்போது ‘வேலூர்ப் புரட்சி’ என்கிறோம். கோட்டை அதேதான், தேதியும் அதேதான். அகராதி இதைப் பெரும்பாலும் சொல்லாது, ஏனென்றால் இங்கே வித்தியாசம் பேசுகிறவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

ஐந்தாம் படி: சட்டை மாற்றிய சொற்கள்

‘பிகின்’, ‘கமென்ஸ்’ இரண்டுக்கும் தொடங்கு என்றுதான் பொருள். பிறகு ஏன் இரண்டு? 1066-ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு புகுந்தது. வயலில் வேலை செய்தவன் வாயில் பழைய சொல் இருந்தது, மேல்தட்டில் புதுச் சொல் அமர்ந்தது. அதனால்தான் இன்றும் டெண்டர் நோட்டீசில் வேலை ‘கமென்ஸ்’ ஆகும், வீட்டில் சமையல் ‘ஸ்டார்ட்’ ஆகும். இதைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். வீட்டில் சோறு, ஓட்டலில் சாதம், கோயிலில் பிரசாதம்.

ஆறாம் படி: தமிழில் குடியேறிய ஆங்கிலத்தை நம்பாதீர்கள்

நன்றாகத் தெரிந்த சொல்தான் அதிகம் கவிழ்க்கும். "வீடு லீசுக்கு" என்று சத்துவாச்சாரியில் போர்டு தொங்கினால், மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘லீஸ்’ அது இல்லை. இத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் போட்ட ஒப்பந்தம், அதில் மாதாமாதம் ‘ரென்ட்’டும் இருக்கும். மண்டபம், கார், சைக்கிள் என்று கொஞ்ச நேரத்துக்கு எடுப்பதை பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹயர்’ என்பார்கள். நமக்கு எல்லாமே வாடகை.

‘ஹோட்டல்’ நமக்கு இட்லி கிடைக்கும் இடம், அவர்களுக்குப் படுக்கை கிடைக்கும் இடம். ஆம்பூர் பிரியாணியின் ‘மட்டன்’ வெள்ளாடாகவும் இருக்கலாம், லண்டனில் அது செம்மறியாடு. ‘சார், ஒரு டவுட்’ என்று வகுப்பில் கை தூக்குகிறோமே, வெளிநாட்டு ஆசிரியருக்கு அது "நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை" என்று கேட்கும். அங்கே ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். கடிதத்தின் கடைசியில் ‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்று போடுவதும் இந்த வகைதான். எதிர்பார்க்கிறேன் என்று பணிவாகச் சொல்ல நினைக்கிறோம், பதில் போட்டே ஆக வேண்டும் என்று அதட்டுவது போல விழுகிறது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்று எழுதுங்கள்.

ஏழாம் படி: நோட்டில் சோதித்துப் பாருங்கள்

எதிர்ச்சொல்லைத் தேடுவது எனக்குப் பிடித்த சோதனை. ‘காலி’ என்று ஒரு பக்கம். பாட்டில் காலி என்றால் எதிர்ச்சொல் நிரம்பியது, ஆக அது ‘எம்ப்டி’. லாட்ஜில் ரூம் காலி என்றால் எதிர்ச்சொல் ஆள் இருக்கிறது, ஆக அது ‘வேக்கண்ட்’. கட்டிலும் மெத்தையும் போட்ட அறை ‘வேக்கண்ட்’டாக இருக்கலாம், ‘எம்ப்டி’யாக இருக்காது. எதிர்ச்சொல் இரண்டு கிடைத்தால் ஆங்கிலத்திலும் இரண்டு சொல் இருக்கும் என்று சந்தேகப்படுங்கள். இது ‘சஸ்பெக்ட்’.

அகராதி பார்க்கும்போது தமிழ் அர்த்தத்தோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். வேற்றுமொழிக்காரர்களுக்கென்றே எழுதப்பட்ட லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இதற்கு உகந்தது. ஒத்த பொருள் சொற்களை அடுக்கித் தரும் தெசாரஸை மட்டும் கொஞ்ச காலம் மூடி வையுங்கள். அது ஒரே குடும்பத்து ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டும், யார் யாருடன் பேசுவதில்லை என்று சொல்லாது. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் தெருவிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். லண்டன் டாக்சி வேண்டாம், கிரீன் சர்க்கிள் ஷேர் ஆட்டோவே போதும்.

பழக ஒரு பக்கம் தருகிறேன். தலைப்பு ‘பார்’. சொற்கள் ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’. பிரிக்கிற கேள்வி இரண்டு: கண்ணைத் திருப்பினோமா, தானாகப் பட்டதா? அசைகிற ஒன்றை நேரம் எடுத்துப் பார்த்தோமா? "இங்க பாரு" என்றால் ‘லுக்’. "வழியில உங்க மாமாவைப் பார்த்தேன்" என்றால் ‘சீ’. டிவிக்கும் கிரிக்கெட்டுக்கும் ‘வாட்ச்’. "டாக்டரைப் பார்க்கணும்" என்பதற்கு ‘சீ’ போட வேண்டும், ‘வாட்ச்’ போட்டால் டாக்டரை வேவு பார்ப்பதாகிவிடும். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்தபோது ஊரே கிளம்பிப் போனது. வாய் சொன்னது "பார்த்துட்டு வந்துடறேன்" என்று, அது ‘சீ’. போனவர்கள் பாலத்தோரம் பைக்கை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் நின்றது ‘வாட்ச்’.